கோபத்துக்கு உதவி தேடிய இரண்டு ஆண்டுகள்: சிகிச்சையாளரைக் கண்டடைந்த அனுபவம்

2023 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் அப்பா தம் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், எது காலையில் போடுவது, எது இரவில் போடுவது என்று அங்கிருந்த கல்லூரி மாணவனிடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பாவுக்கு அப்போது 76 வயது. இரண்டு காதும் மந்தம். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார், மூன்றாவது முறை நான் கத்துவேன், சில நாள்களில் கையில் இருக்கும் பாத்திரத்தை மேடையில் வீசுவேன். அதனால்தான் என்னிடம் கேட்பதையே அவர் நிறுத்திவிட்டார் என்பது அன்று எனக்குப் புரிந்தது. மறுநாளே உதவி தேடத் தொடங்கினேன். சரியான சிகிச்சையாளர் கிடைக்க ஆறு மாதங்கள் ஆயின. அந்தத் தேடலையும், அதன் பின்னான ஒன்றரை ஆண்டையும் எழுதினால் இதே தேடலில் இருப்பவர்களுக்கு அந்த ஆறு மாதங்களில் சிலவாவது மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். அப்போது எனக்கு வயது 44. வீட்டில் கணவர், மகள், அப்பா. என் கோபத்தைப் பற்றிச் சொன்னபோது கேட்டவர்களில் பெரும்பாலோர் ‘அந்த வயசுதானே, அப்படித்தான் இருக்கும்’ என்று மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டார்கள். எனவே முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அது நல்ல முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். கோபம் பல சமயங்களில் வேறொன்றின் வெளிப்பாடாக வரும் என்றும், மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம், தூக்கக் குறைவு, தைராய்டு மிகுதியாகச் சுரப்பது ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றும் அவர் விளக்கினார். தைராய்டும் ரத்த அணுக்களும் சோதிக்கப்பட்டன, குறையில்லை. ஹார்மோன் மாற்றத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம், ஆனால் முழுக் காரணமும் அதுவே என்று விட்டுவிட முடியாது என்றார். எனக்கு மாத்திரை தேவையில்லை, பேச்சு வழிச் சிகிச்சைதான் தேவை என்று எழுதிக் கொடுத்தார். அதை யாரிடம் பெறுவது என்பதில்தான் நான் தடுமாறினேன்.

முதலில் ஒரு கைபேசிச் செயலி வழியாக முயன்றேன். நான்கு அமர்வுகளுக்கு மூன்று வெவ்வேறு ஆலோசகர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அப்பாவின் மாத்திரை அட்டையிலிருந்து கதையைத் தொடங்க வேண்டியிருந்தது. அடுத்து, தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஆலோசகரிடம் நேரில் சென்றேன். அன்பாகப் பேசினார், ஆனால் பெண்கள் பொறுமையாக இருந்தால் குடும்பம் நன்றாக இருக்கும் என்பதைத் தாண்டி அதிகம் சொல்லவில்லை. கோபம் வந்தால் தனி அறையில் தலையணையைக் குத்தித் தீர்த்துவிடச் சொன்னார். ஒரு மாதம் உண்மையாகவே செய்தேன். குத்தும் நேரமெல்லாம் யார் மேல் கோபமோ அவரையே நினைத்துக்கொண்டிருந்ததால், அறையை விட்டு வெளியே வரும்போது கோபம் கூடித்தான் இருந்தது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, மேலும் ஏறியது என்று கண்டறிந்திருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்ற நம்பிக்கை நம் பேச்சு வழக்கிலேயே ஊறியிருப்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

ஏமாற்றத்தோடு இருந்த நாள்களில் ஓர் இரவு 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அன்று பேசிய பெண் இருபது நிமிடங்களுக்கு மேல் பொறுமையாகக் கேட்டார். மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு, பொதுவான ஆலோசகர் என்பவர் வேறு என்ற அடிப்படையான வேறுபாட்டை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிபவர் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த மன்றத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். ஆலோசகர் என்ற பெயர்ப் பலகையைக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களும் மாட்டிக்கொள்ள முடிகிறது. அவர்களிலும் திறமையானவர்கள் உண்டு. ஆனால் யார் எதைப் படித்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

அதன் பின் ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டேன். உங்கள் பதிவு எண் என்ன, கோபத்துக்காக வந்தவர்களுக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், அமர்வுகளுக்கு இடையில் வீட்டில் செய்ய ஏதாவது தருவீர்களா, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், தமிழிலேயே பேசலாமா. இருவர் கேள்விகளைக் கேட்டதும் எரிச்சல் அடைந்தார்கள். இரண்டு பேர் ஓரளவு பதில் சொன்னார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக விடை சொல்லிவிட்டு, ‘ஆறு அமர்வு முடிஞ்சதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்மா. பலன் இல்லேன்னா வேற ஒருத்தர்கிட்ட நானே அனுப்பி வைக்கிறேன்’ என்றார். அவரிடம் நேரம் கிடைக்க ஐந்து வாரம் காத்திருந்தேன்.

முதல் அமர்வில் நான் யாரிடமெல்லாம் கோபப்படுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. யாரிடம் கோபப்படுவதே இல்லை என்று கேட்டார். மேலாளரிடமும் வாடிக்கையாளர்களிடமும் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் அதைக் குற்றமாக்காமல், ‘அப்போ அடக்கத் தெரியுது, எங்கே அடக்கணும்னு தேர்ந்தெடுக்கவும் தெரியுது. அந்தத் திறமையைத்தான் வீட்டுக்கும் கொண்டுவரப் போறோம்’ என்றார். நான் பொல்லாதவள் என்று என்னைப் பற்றி நானே முடிவு கட்டியிருந்த நேரத்தில், இது பழகிக்கொள்ளக்கூடிய திறன் என்று கேட்டது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் பின்பற்றிய முறை, 1970-களில் ரேமண்ட் நோவாகோ என்ற உளவியலாளர் கோபத்துக்கென்றே வகுத்ததை ஒட்டியது. முதலில் தன் கோபத்தைத் தானே அறிவது, பிறகு அதைக் கையாளும் திறன்களைக் கற்பது, கடைசியாக அவற்றைச் சிறிய சூழல்களிலிருந்து பெரிய சூழல்கள் வரை பழகிப் பார்ப்பது. அறிவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். நேரம், இடம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், அந்த நொடியில் மனத்தில் ஓடிய வாக்கியம் எது என்று எழுத வேண்டும். அளவிடும் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அது ஒட்டவில்லை என்றேன். உடனே அதை ஒதுக்கிவிட்டு, எரிச்சல், கோபம், ஆத்திரம் என்ற மூன்று சொற்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். இந்த மூன்றும் ஒன்றல்ல என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். ஆனால் எரிச்சலில் இருக்கும்போதே அதை எரிச்சல் என்று பெயரிட்டு அடையாளம் காண எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. காதுக்குப் பின்னால் சூடேறுவதும் தாடை இறுகுவதும் எரிச்சலின் அடையாளங்கள். அந்தக் கட்டத்தில் என்னால் எதையும் செய்ய முடியும். ஆத்திரம் வந்த பின் எந்த உத்தியும் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

எட்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 31 பதிவுகளில் 22 மாலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மதியச் சாப்பாடு மூன்று மணியைத் தாண்டிய நாள்கள். வாக்கியங்களுக்கான இடத்தில் ‘எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான்’ என்பதே வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. சிகிச்சையின் திருப்புமுனை என்று நான் கருதுவது இந்தப் பக்கங்களைத்தான். அந்த வாக்கியத்தில் பாதி மிகை, பாதி உண்மை. மிகையான பாதியை அவர் கேள்வி கேட்டுக் கேட்டு இளக்கினார். உண்மையான பாதிக்குச் செயல்தான் வேண்டும் என்றார். அப்பாவைச் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் சென்று காதுக்கருவி வாங்கினோம். மதுரையில் இருக்கும் என் தம்பியிடம் கத்தாமல், கெஞ்சாமல், ‘மாதத்தில் ஒரு வாரம் அப்பா உன்னிடம் இருக்கட்டும்’ என்று எப்படிக் கேட்பது என்பதை இரண்டு அமர்வுகளில் நடித்துப் பார்த்தோம். அவன் முதலில் மறுப்பான் என்று கருதி, மறுப்புக்குப் பதிலையும் பழகிக்கொண்டு போனேன். மறுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான்.

சண்டையிலிருந்து விலகிப் போகும் உத்தி எங்கள் வீட்டில் முதலில் எதிர்விளைவைத் தந்தது. நான் சட்டென்று மொட்டை மாடிக்குப் போவதைக் கணவர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். ஓர் அமர்வுக்கு அவரையும் வரச்சொல்லி, ‘இருபது நிமிடத்தில் வந்து பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது, சொன்னபடி திரும்பி வருவது என்ற ஒப்பந்தத்தைச் சிகிச்சையாளர் ஏற்படுத்தினார். மாடியில் மூச்சை மெதுவாக நீட்டி விடுவது மட்டுமே வேலை. நடந்த சண்டையை மனத்தில் மீண்டும் ஓட்டினால் அந்த இருபது நிமிடம் வீண்.

இடையில் ஒருமுறை சறுக்கினேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம். மூன்று வாரங்கள் நோட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு மாலை மகளின் புத்தகப் பையை வாசலில் எறிந்தேன். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அழுதேன். அவர் அந்த மூன்று வாரத்தின் தூக்கக் கணக்கைத்தான் கேட்டார். மகளிடம் காரணம் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்கச் சொன்னார். காரணம் சேர்க்காத மன்னிப்பு எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது நிமிட அமர்வுக்கு 1,200 ரூபாய். முதல் நான்கு மாதம் வாரந்தோறும், பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் என் காப்பீட்டில் மருத்துவமனையில் தங்காமல் பெறும் எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடைக்காது என்பதால் எல்லாம் கைப்பணம். அது இயலாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம்.

இந்தச் சிகிச்சையாளரிடமும் எனக்குக் குறைகள் உண்டு. மாலை நேரம் எளிதில் கிடைக்காது. அரைநாள் விடுப்பு எடுத்தே சென்றேன். இரண்டு முறை கடைசி நேரத்தில் அமர்வைத் தள்ளிவைத்தார். ஆயினும் பலன் கண்கூடாக இருந்ததால் தொடர்ந்தேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்கிறேன். கடந்த மாதம் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பதிவுகள். நான்கு எரிச்சல், ஒன்று கோபம். காதுக்கருவியைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் அப்பா இன்னும் மூன்று முறைதான் கேட்கிறார். மாத்திரை அட்டையை என்னிடம்தான் கொண்டுவருகிறார்.