சித்திரக் கதிரையும் பிரம்புக் கதிரையும்: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

தேக்கில் செய்த இரண்டு வகைச் சாப்பாட்டுக் கதிரைகள் மட்டக்களப்பு, கல்லடியில் ஒரே வீட்டில் பல வருடமாகப் பாவனையில் இருக்கின்றன. ஒன்றுக்கு முதுகு நிறையப் பூவேலை, வளைந்த கால், ஸ்பொன்ஜ் மெத்தை. மற்றதுக்கு நேர்கால், இருக்கையிலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். இரண்டையும் சோதித்தது இருக்கிறவர்களின் பாரத்தை விட ஊரின் காலநிலைதான். மாரியில் மரம் ஊதும். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் சுருங்கும். இந்த இழுபறியில் முதலில் ஆடுவது பின்காலும் இருக்கைச் சட்டமும் சேருகிற பொருத்து. சாயும்போது பாரம் அங்கேதான் இறங்கும்.

சித்திரக் கதிரையில் சரியாக அந்தப் பொருத்துக்குப் பக்கத்திலேயே பூ வெட்டியிருக்கிறார்கள். கழுந்தை, அதாவது துளையில் செருகுகிற மரமுனையைப் பிடித்திருக்க வேண்டிய மரம் மெலிந்து, அந்த இடமே பிளந்தது. வளைந்த காலிலும் இதே கோளாறு. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் வளைவோடு ஓடாது. கால் ஒடுங்குகிற இடத்தில் குறுக்கே அறுபடும். கதிரையை இழுத்து நகர்த்த அங்கே வெடிக்கும். நீராவியில் வளைத்த மரத்துக்கு இந்தக் குறை இல்லை. ஜேர்மனியில் பிறந்த தளபாடத் தச்சர் மைக்கேல் தோனெட் அப்படி வளைத்துச் செய்த 14ஆம் இலக்கக் கதிரை (1859) 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டோடு முடிந்துவிடும். அதன் அழகும் வளைவுதான், பலமும் வளைவுதான். ஆகவே அலங்காரம் கூடாது என்று சொல்லவில்லை. அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

ஆடுகிற பொருத்துக்கு ஆணி அறைய விடாதீர்கள். கடற்காற்றில் இரும்பு துருவேறித் தேக்கில் கறுப்புக் கறை பிடிக்கும், பொருத்தும் நிற்காது. கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டி, புதுப்பசை பூசி, கயிற்றால் முறுக்கிக் கட்டி 24 மணித்தியாலம் விட வேண்டும். பழைய பசையின் மேல் புதுப்பசை பெரும்பாலும் சரியாக ஒட்டாது.

பூவேலையின் பள்ளங்களை உலர்ந்த பெயின்ற் பிரஷால் தட்டுங்கள். ஈரத்துணி போட்டால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

பிரம்பு தொய்ந்தால் உடனே மாற்றத் தேவையில்லை. கதிரையைக் கவிழ்த்து, சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பின்னலின் அடிப்பக்கம் அரை மணித்தியாலம் போட்டு, நிழலில் ஓர் இரவு காயவிட்டால் இறுகிவிடும். மேல்பக்கம் மினுக்கமான பட்டை, தண்ணீர் இறங்காது. அடியில் வார்னிஷ் அடித்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். பிரம்பு அறுவது பெரும்பாலும் முன்சட்டத்தின் கூரான விளிம்பில். அதை உருட்டிச் சீவியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பல்ப் மாற்றப் பிரம்பில் ஏறி நின்றாலும் கதை முடிந்தது.

 

பறங்கியரின் தச்சுவேலைக்குப் பேர்போன ஊர் இது. சொல்லிச் செய்விக்க ஓடாவிமாருக்குக் குறைவில்லை. 75 சென்ரிமீற்றர் உயர மேசைக்கு இருக்கை உயரம் 45, ஆழம் 42, பின்பக்கம் 1 தாழ்வு. முதுகு கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். வயதானவர்கள் இருந்தால் கைப்பிடி கேளுங்கள், ஊன்றி எழும்ப அது வேண்டும். பூவேலை ஆசை என்றால் தலைச்சட்டத்தில் மட்டும், தோளுக்கு மேலே, ஆழம் 5 மில்லிமீற்றருக்குள் வெட்டச் சொல்லுங்கள். அங்கே முதுகும் படாது, பாரமும் இறங்காது.