.177 ஏர் ரைபிளா, .22 ரைபிளா? குண்டுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ரைபிள் வைத்திருக்கிறேன் என்றால் "மான் வேட்டைக்குப் போவீர்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் தாத்தா காலத்தில் அந்தக் கேள்வியில் பொருள் இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் குடும்பத்தில் வேட்டைப் பேச்சு அத்தோடு நின்றது. நின்றது நல்லதே. கிண்டிப் பக்கம் ஐஐடி வளாகத்துக்குள் சைக்கிளில் போகிறவர்கள் புள்ளிமானுக்கு வழிவிட்டு நிற்கும் ஊரில் வாழ்கிறோம். எங்கள் குறி காகிதம்தான். அந்தக் காகிதத்தை எந்தக் குண்டால் துளைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்த கையோடு வந்து கேட்டாள்: "சித்தப்பா, கிளப்பில் இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டேன். சொந்தமாக வாங்கினால் எதை வாங்குவது?" நான் நான்கு வருடம் .22 வைத்திருந்து, அதைக் கைமாற்றிவிட்டு, ஆறு வருடமாக .177 ஏர் ரைபிளோடு இருக்கிறேன். (எண்கள் குழல் துளையின் அகலம், அங்குலத்தில்; .22 வெடிமருந்தால் சுடுவது, ஏர் ரைபிள் அழுத்திய காற்றால் சுடுவது.) என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஏர் ரைபிள்தான்.

தெரிந்த வித்தியாசங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை, ஈயத் தலை 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். போட்டித் தூரம் 50 மீட்டர். ஏர் ரைபிளின் குண்டான பெல்லட் 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராமுக்குச் சற்றே கூடுதல், தூரம் 10 மீட்டர். தூரம் குறைவு என்பதால் எளிது என்று யாரும் எண்ண வேண்டாம். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், 10 மீட்டர் இலக்கில் அது அரை மில்லிமீட்டர் புள்ளி. வாக்கியத்தின் முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளி அளவுதான். விலையில் நல்ல போட்டி ரைபிள் என்றால் இரண்டுமே கையைக் கடிக்கும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

நான் மாறியதற்கு ஒரே காரணம் குண்டு. வாரத்துக்கு எத்தனை குண்டு சுட முடிகிறது என்பதுதான் இந்த விளையாட்டில் ஒருவரை வளர்க்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போட்டிக்கு 60 குண்டுகள், அதற்கு முன்னால் குறி சரிபார்க்கப் பத்து இருபது. அதே அளவில் வாரம் நான்கு நாள் பயிற்சி செய்தால் முந்நூறைத் தாண்டுகிறது. பெல்லட் 500 கொண்ட டப்பாவாக வருகிறது. ஒரு டப்பா ஒன்றரை வாரத்துக்கு ஓடும். தீர்ந்தால் அடுத்த டப்பா. .22 தோட்டா 50 கொண்ட பெட்டி. வாரத்துக்கு ஆறரைப் பெட்டி வேண்டும். ஒரு தோட்டாவின் விலையில் பல பெல்லட் வாங்கலாம் என்பது இருக்கட்டும், பணம் இருந்தாலும் தோட்டா நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. ஒரு நேரத்தில் எத்தனை கையில் வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். வாங்கும் ஒவ்வொரு முறையும் பதிவு உண்டு. போட்டித் தரத் தோட்டா இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வர வேண்டும். வந்தால் எல்லோருக்கும் பங்கு, வராவிட்டால் காத்திருப்பு.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. .22 குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை உண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் தயாரிப்புத் தொகுதி எண் மாறினால் குழல் ஏற்காமல் போகலாம். ஒரு மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு என் கையிருப்பு தீர்ந்தது. அதுவரை ரைபிளைப் பிடிச்சட்டத்தில் பொருத்தி 50 மீட்டரில் பத்துக் குண்டு சுட்டால், துளைகள் அனைத்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும். புதிதாகக் கிடைத்த தொகுதியைச் சுட்டபோது அதே பத்துத் துளைகள் எலுமிச்சம்பழ அகலத்துக்குப் பரவின. என் கையில் தவறா, மூச்சில் தவறா என்று இரண்டு நாள் குழம்பினேன். பழைய தொகுதியில் தன்னிடம் மீதமிருந்த ஒரு பெட்டியை நண்பர் ஒருவர் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் களத்துக்கு, கொண்டுவந்தார். அதைப் போட்டதும் துளைகள் மீண்டும் காசுக்குள் வந்தன. அந்த மாலையில்தான் எனக்கு மனம் விட்டுப்போனது. உழைப்பது நான், மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது பெட்டியின் ஓரத்தில் அச்சான எண் என்றால் எப்படி?

பெல்லட்டிலும் தொகுதி வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. 4.49, 4.50 என்று தலை அளவும் மாறும். ஆனால் நான்கைந்து வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியில் வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம். யாரிடமும் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

உரிமமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத .177 காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். போட்டி ஏர் ரைபிளின் ஆற்றல் ஏழெட்டு ஜூலுக்குள் அடங்கிவிடும். .22-க்கு எனக்கு உரிமம் வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள்; விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டென்றாலும் அதற்கான கடிதங்களோடு நடக்க வேண்டும். விற்பதற்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், வாங்குகிறவருக்கும் உரிமம் இருக்க வேண்டும். என் .22-ஐ வாங்க ஆள் கிடைத்தும் கைமாற மாதங்கள் ஆயின.

இன்னொன்று, வீட்டிலேயே சுடலாம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய வீட்டுத் தாழ்வாரத்தை டேப் வைத்து அளந்தேன்: பின்கதவிலிருந்து வாசல் சுவர் வரை 11 மீட்டர். சுவரோரம் சாய்த்த இரும்புத் தகடு, அடியில் ஈயத் துண்டுகள் விழ ஒரு மரப்பெட்டி, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இலக்குத் தாள், மேலே ஒரு விளக்கு. சமையலறைக் கதவைத் தாழிட்டு, அம்மா உள்ளே இருந்து "சரிப்பா" என்று குரல் கொடுத்த பிறகுதான் முதல் குண்டை ஏற்றுவேன். காலை ஆறிலிருந்து ஏழு வரை எண்பது குண்டு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடுவதில்லை, ஈயம் ஈயம்தான். .22-ஐ வைத்து இதை நினைக்கவே முடியாது. ஆவடி தாண்டிப் போய், இடம் கிடைக்கக் காத்திருந்து, சுட்டுவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

இனி .22-இன் பக்கம். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலை. சென்னையில் முற்பகல் தாண்டியதும் கடற்காற்று திரும்பும். ரேஞ்சில் குத்திய சிறு கொடிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்து சட்டென்று மறுபக்கம் புரளும். அந்தப் புரளலுக்குக் காத்திருந்து விசையை அழுத்துவது ஒரு தனிக் கலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே அந்த மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றபோது விடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் மூன்று நிலையில் மாவட்ட அளவைத் தாண்டியதில்லை, அதனால் அதன் உயரங்களைப் பற்றி அதிகம் பேசத் தகுதி இல்லை. எனக்கு நன்றாக வந்தது படுத்துச் சுடுவது. 2016 ரியோவுக்குப் பிறகு தனிப் போட்டியாக அது ஒலிம்பிக்கில் இல்லை.

ஏர் ரைபிளிலும் குறை உண்டு. சுடுவதற்கான காற்றைத் தேக்கி வைக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்ப வேண்டும். ஸ்கூபா தொட்டியிலிருந்து நிரப்புவது சுலபம். கைப் பம்ப் என்றால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போகும், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் அடிக்கவே கூடாது. கைப் பம்பில் எனக்கு இரண்டு வருடப் பழக்கம்தான். பத்து வருடத்தில் உள்ளே என்ன ஆகும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது. சிலிண்டருக்குக் காலாவதித் தேதியும் உண்டு, பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 10 வருடம். தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் கட்டையின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், இந்தத் தேதியைப் பார்ப்பதில்லை.

ககன் நாரங் பிறந்தது இந்தச் சென்னையில். 2012 லண்டனில் அவர் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே துப்பாக்கிதான். இதையும் அண்ணன் மகளிடம் சொன்னேன். ஆனால் அவளை அசைத்தது பதக்கக் கதை அல்ல, தாழ்வாரத்துக் கணக்கு. மூன்றாம் வாரமே பழைய ஏர் ரைபிள் ஒன்றைப் பார்க்கப் போனோம். நான் குழலைப் பார்ப்பதற்குள் அவள் சிலிண்டரைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"2019, மே மாதம், சித்தப்பா. இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு கேட்போமா?"