ரா பவர்: போவியின் மிக்ஸா, இகியின் மிக்ஸா?

அமெரிக்க ராக் குழுவான ஸ்டூஜஸின் 'ரா பவர்' ஆல்பம் 1973-இல் வந்தது. எட்டுப் பாட்டு, சுமார் 34 நிமிடம். அந்த 34 நிமிடத்துக்கு இன்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1972-இல் செய்த மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் எது எந்த அளவில் கேட்கவேண்டும் என்று முடிவுசெய்து ஒன்றாகச் சேர்ப்பது. இன்னொன்று, பாடகர் இகி பாப் கால் நூற்றாண்டு கழித்து அதே டேப்களை எடுத்துத் தானே செய்து 1997-இல் வெளியிட்ட மிக்ஸ். எதைக் கேட்கலாம் என்று ரசிகர்களிடம் கேட்டால் சண்டைதான் வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போவியின் மிக்ஸ், அதுவும் 2010-இல் வந்த ரீமாஸ்டரில். ஆனால் இகியின் மிக்ஸைக் கேட்காமல் விட்டவர்கள் இந்த ஆல்பத்தைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள்.

1997 சிடியைப் பலர் ரீமாஸ்டர் என்கிறார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன மிக்ஸை எடுத்து அதன் சத்தம், பேஸ், டிரெபிள் இவற்றை மட்டும் சரிசெய்வது. கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் இடையிலான அளவு அப்படியே இருக்கும். இகி செய்தது அதுவல்ல. குரலும் கருவிகளும் தனித்தனி ட்ராக்குகளில் இருந்த மூல டேப்பிலிருந்து மறுபடியும் மிக்ஸ் செய்தார். யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்பதே மாறிவிட்டது. அதனால் இங்கே நாம் ஒப்பிடுவது ஒரே பதிவிலிருந்து பிறந்த இரண்டு வேறு ஆல்பங்களை.

போவியின் மிக்ஸ் எப்படி உருவானது என்று தெரிந்தால் அதன் குறைகள் புரியும். மிச்சிகனின் ஆன் ஆர்பரைச் சேர்ந்த இந்தக் குழு இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு நொறுங்கிப்போனது. இகியையும் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் வில்லியம்சனையும் போவியின் நிர்வாக நிறுவனம் 1972-இல் லண்டனுக்கு வரவழைத்தது. அங்கே தங்களுக்கு ஏற்ற டிரம்மரும் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் கிடைக்காமல், பழைய தோழர்களான ஆஷ்டன் சகோதரர்களையே கூப்பிட்டார்கள். ஸ்காட் டிரம்ஸில் உட்கார்ந்தார். முதல் இரண்டு ஆல்பங்களில் கிட்டார் வாசித்த ரான், பேஸுக்கு இறங்கவேண்டியதாயிற்று. ரானுக்கு அதில் வருத்தம் இருந்தது. பதிவை முடித்து இகி செய்த முதல் மிக்ஸ் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. போவி மிக்ஸ் செய்தால்தான் ஆல்பம் வெளியாகும் என்ற நிலை. அந்த ஆண்டு அக்டோபரில், ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோவில், ஒரே நாளில் போவி வேலையை முடித்தார். அதற்குமேல் செலவழிக்கப் பணம் இல்லை.

ஒரே நாள் வேலை என்பது காதுக்கே தெரியும். பேஸ் எங்கே போனது என்றே தெரியாது. டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோலக் கேட்கும். லீட் கிட்டார் மட்டும் திடீர் திடீரென்று மூஞ்சிக்கு நேரே பாயும். இகியின் குரல் மேலே எழும்பும், அப்புறம் இறங்கும். போவி மிக்ஸ் பிடிக்காதவர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லும் குறை இதுதான்: ராக் இசையில் அடித்தளத்தையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நியாயமான கேள்வி.

போவி பிற்காலத்தில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். 24 ட்ராக் டேப்பில் மூன்றே மூன்று ட்ராக்தான் நிரம்பியிருந்ததாம். குழு மொத்தமும் ஒன்றில், லீட் கிட்டார் இன்னொன்றில், இகியின் குரல் மூன்றாவதில். மிக்ஸ் செய்ய அங்கே எதுவுமே இல்லை என்றார். ரசிகர்கள் விரும்பித் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. என்னால் இதை அப்படியே ஏற்க முடியவில்லை. பேஸும் டிரம்ஸும் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் 1997-இல் இகி அவற்றை அவ்வளவு தெளிவாக மேலே கொண்டுவந்திருக்க முடியாது. நேரம் இல்லை என்பதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இகியே பிற்காலத்தில் போவியின் வேலையைப் பாராட்டிப் பேசியிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொன்றையும் காதுகொடுத்துக் கேட்டு, தன்னோடு பேசித்தான் போவி முடிவெடுத்தார் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஸ்டுடியோவில் 'டைம் க்யூப்' என்று ஒரு கருவி இருந்தது. வளைந்த குழாய்க்குள் ஒலியை அனுப்பி மறுமுனையில் பிடித்தால், சின்னத் தாமதத்தோடு எதிரொலிபோலத் திரும்பிவரும். 'கிம்மி டேஞ்சர்' பாட்டின் கிட்டாரில் போவி அதைப் பயன்படுத்தினார். அந்தப் பாட்டு இருட்டில் தனியாக நடப்பதுபோல இருப்பதற்கு அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு. இகியின் மிக்ஸில் கிட்டார் வெறுமையாக, பக்கத்தில் நிற்கிறது. பயம் போய்விட்டது.

சரி, 1997-க்கு வருவோம். முதல் முறை கேட்கும்போது அது தரும் அதிர்ச்சி உண்மையானது. 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' ஆரம்பித்த உடனே ஸ்காட் ஆஷ்டன் என்று ஒரு மனிதர் அறைக்குள் இருப்பது தெரிகிறது. முன்பு எங்கோ தொலைவில் தட்டிக்கொண்டிருந்தவர் இப்போது நெஞ்சில் அடிக்கிறார். பழைய மிக்ஸில் அடங்கிப்போயிருந்த வாள்கள் மோதும் ஓசையும் நன்றாகக் கேட்கிறது. ரானின் பேஸைக் கவனித்துக் கேளுங்கள். விருப்பமில்லாமல் வாங்கிக்கொண்ட வேலையை அந்த மனிதர் எவ்வளவு முரட்டு வேகத்தோடு செய்திருக்கிறார்! 'ஷேக் அப்பீல்' பாட்டு இந்த மிக்ஸில்தான் எழுந்து ஆடுகிறது. சில பாடல்கள் பழைய வடிவத்தில் தேய்ந்து முடிந்த இடத்தைத் தாண்டியும் ஓடுகின்றன. இந்தப் பக்கம் நிற்கும் ரசிகர்களின் வாதம் எளிமையானது: ஆல்பத்தின் பெயருக்கு ஏற்ற சத்தம் இப்போதுதான் வந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சத்தம்தான் பிரச்சினையும். டிஜிட்டல் பதிவில் பூஜ்யம் டெசிபல் என்பது கூரை. அதற்குமேல் போக முடியாது. 1997 சிடியின் சராசரி அளவு அந்தக் கூரைக்கு நான்கு டெசிபல் கீழே நிற்கிறது. 1980-களில் வந்த ராக் சிடிகளில் அந்த இடைவெளி 15 டெசிபலை ஒட்டி இருப்பது வழக்கம். அதாவது டிரம்ஸ் அடி மேலே எழும்ப இடமே இல்லை. எழும்பும் ஒவ்வொரு முனையும் வெட்டுப்பட்டு, கரகரப்பாக மாறுகிறது. அளவுமானியின் முள் சிவப்பிலேயே இருக்கவேண்டும் என்பது இகியின் விருப்பம், தெரிந்தேதான் செய்தார். அவர் தைரியத்தை மதிக்கிறேன். ஆனால் மூன்றாவது பாட்டுக்குள் என் காது களைத்துவிடுகிறது. மெதுவான இடம், உரத்த இடம் என்ற வித்தியாசம் இல்லாதபோது உரத்ததும் உரத்ததாகத் தெரிவதில்லை. 'ஐ நீட் சம்படி' மாதிரி ஊர்ந்து போகவேண்டிய ப்ளூஸ் பாட்டுக்கு இதைவிடக் கெடுதல் எதுவும் செய்ய முடியாது.

பாடியவரே செய்த மிக்ஸ்தானே உண்மையான வடிவம் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆல்பம் பதிவானபோது இகிக்கு வயது 25. மறுபடி மிக்ஸ் செய்தபோது ஐம்பதை நெருங்கிவிட்டார். இரண்டு பேரில் யார் நினைத்தது உண்மை? தவிர, இது அவர் ஒருவருடைய ஆல்பம் அல்ல. ரான் ஆஷ்டனும் ஜேம்ஸ் வில்லியம்சனும் பழைய மிக்ஸே மேல் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வில்லியம்சன் கிட்டாரின் வழவழப்பையும் எஃபெக்ட்களையும் இகி உரித்துவிட்டார், தன்னுடைய முனகல்களையும் உறுமல்களையும் மட்டும் ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார் என்பது ரானின் குற்றச்சாட்டு. தன் பேஸ் கேட்கவே கேட்காத மிக்ஸைத்தான் ரான் விரும்பினார் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் பங்கு மறைந்துபோனாலும் பாட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்த ஒரு கலைஞரின் வார்த்தைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

1970-களின் பிற்பகுதியில் பங்க் குழுக்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டுத் துள்ளியபோது அவர்கள் கையில் இருந்தது போவியின் மிக்ஸ்தான். நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் முதலிடம் கொடுத்ததும் அதற்கே. இகியின் மிக்ஸ் வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பேஸ் இல்லாத அந்த மெலிந்த, கீச்சிடும் ஒலியே பின்னால் வந்த பலருக்கு இலக்கணம் ஆகிவிட்டது. அவசரத்தில் வந்த குறை என்றாலும், அதை இப்போது பாட்டிலிருந்து பிரிக்க முடியாது.

2010 பதிப்பு எனக்கு ஏன் நிம்மதி தருகிறது என்றால், அது போவியின் மிக்ஸைத் தொடாமல் மாஸ்டரிங்கை மட்டும் புதிதாகச் செய்தது. போவி மிக்ஸின் முந்தைய சிடியில் இருந்த ஒல்லித்தனம் குறைந்திருக்கிறது. ஸ்காட்டின் டிரம்ஸ் இப்போதும் பின்னால்தான், ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று புரிகிறது. அதோடு 1973 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த கச்சேரிப் பதிவும் சேர்ந்து வருகிறது. அதைக் கேட்டால் இந்தக் குழு மேடையில் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இரண்டு மிக்ஸையும்விட நல்ல பதில் கிடைக்கும்.

புதிதாகக் கேட்பவர்கள் 2010 பதிப்பில் ஆரம்பியுங்கள். வரிசை மாறாமல், முழு ஆல்பமாக. பழகிய பிறகு 1997 சிடியை எடுங்கள், ஆனால் முழுதாக வேண்டாம். 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்', 'ஷேக் அப்பீல்' இரண்டு போதும், வால்யூமை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்து. வினைல்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2012-இல் இரண்டு மிக்ஸும் சேர்ந்த இரட்டைத் தட்டு வந்தது. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆன்லைனில் கேட்பவர்கள் ப்ளே அழுத்துவதற்கு முன்னால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அட்டையில் இரண்டுக்கும் அதே இகிதான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.