அளவுகோலா, கூட்டலா? செல் பிரியும் நேரம்

நடுவில் பிளந்து பெருகும் ஒற்றைச் செல் பூஞ்சையான பிளவு ஈஸ்ட் அளவுகோல் வைத்திருக்கிறது. குட்டையாகப் பிறந்தாலும் நெட்டையாகப் பிறந்தாலும் ஏறத்தாழ 14 மைக்ரோமீட்டர் நீளத்தை எட்டிய பிறகே இரண்டாகும். எடின்பரோவில் ஆய்வு செய்த உயிரியலாளர் பால் நர்ஸ், அதற்கு முன்பே அவசரமாகப் பிரிந்துவிடும் பிறழ்வுச் செல்களை 1975இல் விவரித்தார். ஸ்காட்லாந்து வழக்கில் ‘சின்னது’ என்று பொருள்படும் ‘வீ’ என்பதையே அவற்றுக்குப் பெயராக வைத்தார். எவ்வளவு பொருத்தம்!

ஈ.கோலை பாக்டீரியாவின் வழி கூட்டல். எந்த நீளத்தில் பிறந்தாலும் ஒரே அளவு வளர்ந்து பிரியும். அந்த அளவு 2 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3இல் பிறந்த செல் 5இல் பிரியும், மகள் 2.5, பேத்தி 2.25. பிறப்பு நீளம் 2ஐ நெருங்குகிறது; அதிலிருந்து விலகிய பிழை தலைமுறைதோறும் பாதியாகக் கரைகிறது.

ஒரே தலைமுறையில் திருத்திவிடுவது ஈஸ்ட்தான். ஆனாலும் என் மனம் கூட்டலின் பக்கமே சாய்கிறது: தன் மொத்த நீளம் என்னவென்று அந்தச் செல்லுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.