மேடை உடைக்கு வெல்க்ரோ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

இரண்டு காட்சிக்கு நடுவே 30 நொடியில் உடை மாற்ற 20 மி.மீ. அகல வெல்க்ரோவை (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) அடிக்க ஆளில்லை. தைக்கும் ரகத்தையே வாங்குங்கள். பசை ரகம் வியர்வையில் கழன்றுவிடும். அதன் மேலேயே தைத்தால் ஊசியில் பசை அப்பித் தையல் விட்டுப்போகும்.

முதுகு நெடுக ஒரே பட்டையாக வைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. இருட்டில் கோணலாக ஒட்டிக்கொண்டு துணி இழுத்து நிற்கும். 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கி, 14-ஆம் நம்பர் ஊசியில் நாலு பக்கமும் தையுங்கள். சொரசொரப்பான பக்கம் உடம்பை ஒட்டிய அடி மடிப்பில், வெளியே பார்த்தபடி இருக்கணும். மாறினால் நடிகரின் தோலைப் பிறாண்டும். இழுவை அதிகமுள்ள இடுப்பில் கூடவே ஒரு கொக்கி.

நாடகத்துக்கு 5-க்கு 4 தரலாம். சின்னத்திரைக்கு 2 தான்: பிரிக்கும்போது வரும் அந்த ‘பர்ர்ர்’ சத்தத்தைக் காலர் மைக் அப்படியே பிடித்துவிடும். அங்கே பிரஸ் பட்டனே நல்லது.

துவைக்கும் முன் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பட்டுத்துணியில் நூல் பிரியும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சொரசொரப்பான பக்கத்துக் குட்டிக் கொக்கிகள் உருகிப் படுத்துவிடும், அப்புறம் பிடிக்காது.