டிரெய்லர் சக்கர பேரிங் கிட்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

3,500 பவுண்ட் அச்சுள்ள டிராவல் டிரெய்லர்களுக்கென விற்கப்படும் இந்தக் கிட்டில், எல்68149 என்ற உள் பேரிங்கும் எல்44649 என்ற வெளி பேரிங்கும், அவை உட்காரும் வெளி வளையங்களான கப்களும், ஆயில் சீல், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின், டஸ்ட் கேப் ஆகியவையும், சிறு பொட்டலத்தில் கொஞ்சம் கிரீஸும் வருகின்றன. பேரிங்குகளின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. உருளைகள் ஒரே சீராக மின்னுகின்றன. உருளைகள் உள்ள உள் வளையமான கோனைக் கப்பில் வைத்துக் கையால் அழுத்திச் சுழற்றினால் எந்தக் கரகரப்பும் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. கப்களையும் சேர்த்துக் கொடுத்திருப்பது மிகவும் சரியான முடிவு. தேய்ந்த பழைய கப்பில் புதிய கோனைப் பொருத்தினால், அந்தக் கப்பில் உள்ள குழிகளே புதிய உருளைகளையும் விரைவில் கெடுத்துவிடும்.

ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எடையை மட்டும் நம்பி இதை வாங்கக் கூடாது. ஒரே எடை தாங்கும் அச்சுகளிலும், சக்கரம் சுழலும் முனையான ஸ்பிண்டிலின் அளவு மாறக்கூடும் என்பதால், கழற்றிய பேரிங்கில் பொறித்துள்ள எண்ணையும் பழைய சீலின் எண்ணையும் படித்து ஒப்பிட வேண்டும். இதில் உள்ள சீலின் உள் விட்டம் 1.719 அங்குலம். சீல் சற்றே தளர்ந்திருந்தாலும் கிரீஸ் வெளியேறும், தண்ணீர் உள்ளே வரும். பழைய கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் அப்படித் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

கிரீஸ் பொட்டலத்தை நான் பயன்படுத்தவில்லை. அதன் அடிப்பொருள் லித்தியம் காம்ப்ளெக்ஸா, பாலியூரியாவா என்று எங்கும் குறிப்பிடவில்லை. ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் கிரீஸ் இளகி ஓடிவிடும். என்எல்ஜிஐ அளவுகோலில் 2 என்ற கெட்டித்தன்மையும், சக்கர பேரிங்குக்கு ஏற்றது எனக் காட்டும் ஜிசி-எல்பி முத்திரையும் உள்ள கிரீஸைத் தனியே வாங்கி, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலும் ஸ்பிண்டிலிலும் உள்ள பழையதை முழுவதும் கழுவி உலர்த்திய பிறகு, கோனின் அகலமான பக்கத்திலிருந்து அழுத்தி, உருளைகளுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை நிரப்புவதே சரி. ஸ்பிண்டில் நுனியில் கிரீஸை உள்ளே பம்ப் செய்யும் நிப்பிள் இருப்பவர்கள் இந்த வேலையே தேவையில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் சக்கரத்தைச் சுழற்றாமல் வேகமாகப் பம்ப் செய்தால் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் கிரீஸ் படிந்துவிடும். ஊறிய லைனிங்கை மாற்றத்தான் வேண்டும். அதோடு, கழற்றாத பேரிங்கில் சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. 12 மாதத்துக்கு அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, கழற்றிப் பார்ப்பது நல்லது.

என் பெரிய மனக்குறை கிட்டோடு வரும் கையேடுதான். ஸ்பிண்டில் நட்டை நன்றாக இறுக்கிப் பின்னைப் போடுமாறு ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படியே செய்தால் பேரிங் காய்ந்து கருகிவிடும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே சுமார் 50 அடி-பவுண்ட் வரை இறுக்குவது பேரிங்கை அதன் இடத்தில் உட்கார வைப்பதற்கு மட்டுமே. அதன்பின் ஹப்பைச் சுழற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் திருகி, காட்டர் பின்னுக்கான துளை நேராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். துளை நேராகவில்லையென்றால் இறுக்காமல் சற்றுத் தளர்த்த வேண்டும். சூட்டில் உலோகம் விரிய அந்தச் சிறு இடைவெளி அவசியம். பொருத்துபவரின் பாதுகாப்பையே தீர்மானிக்கும் இந்த விஷயத்தை ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

ஓடிய பின் சோதிப்பதைப் பற்றியும் கையேட்டில் ஒரு சொல் இல்லை. முதல் ஓட்டத்தில் வண்டியை நிறுத்தியதும் எல்லா ஹப்களின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகச் சூடாக இருந்தால், உடனே பேரிங்கின் மீது பழி போடாமல், ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்: உரசும் ஓசை பிரேக் பிடித்திருப்பதையும், உறுமல் பேரிங்கையும் பெரும்பாலும் காட்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தெளிவாகத் தெரியும் ஆட்டம் நட்டு தளர்ந்ததன் அல்லது பேரிங் தேய்ந்ததன் அடையாளம்.

வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கிட்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். டிரெய்லரில் மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளவும் உகந்தது. முதல்முறை செய்பவர் மட்டும், கப்பைப் பித்தளைக் கம்பியால் தட்டிக் கழற்றி, புதியதைச் சாயாமல் அடித்து இறக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் பெட்டியை ஒப்படைப்பது மேல்.