யானைமலைக்குப் பின்னால் சிக்னல்: ரிலேவா, பிரதிபலிப்புப் பலகையா?

மதுரை மேலூர் சாலை டவரின் சிக்னலை யானைமலை மறித்துவிட்டால், மறுபுறத்து வீடுகளுக்கு அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது? என் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். ரிலே, நுண்ணறிவுப் பிரதிபலிப்புப் பலகை இரண்டையும் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுத்தேன்.

ரிலே பழகிய கருவி. வந்த சிக்னலைப் படித்து, புதுப் பலத்தோடு மறுபடி அனுப்பும். அதற்கான மின்சாரத்தையும் கேட்கும். பலகையில் பெருக்கியே கிடையாது. அதன் சிறு உறுப்புகள் ஒவ்வொன்றும் அலையின் கட்டத்தை (phase, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) மட்டும் மாற்றி, எல்லா அலைகளும் ஒரே இடத்தில் ஒத்துக் கூடும்படி திருப்பிவிடும். கட்டுப்பாட்டுச் சுற்றுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும்.

ஆனால் என்னைச் சாய்த்தது மின்கட்டணம் அல்ல, நேரக் கணக்கு. சாதாரண ரிலே பாதி நேரம் வாங்கும், பாதி நேரம் கொடுக்கும். ஆகவே அலைக்கற்றையின் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு நொடிக்கு 4 பிட் வீடு சேர வேண்டுமானால், ஒவ்வொரு பாதியிலும் 8 பிட் வேகத்தில் ஓட வேண்டும். ஒரு தடத்தில் அதிகபட்சம் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று சொல்லும் ஷானன் சூத்திரப்படி 4 பிட்டுக்கு, சிக்னல் இரைச்சலைவிட 15 மடங்கு இருந்தால் போதும். 8 பிட்டுக்கு 255 மடங்கு வேண்டும். வித்தியாசம் 17 மடங்கு! நேரத்தில் இழந்ததை ஆற்றலைக் கொட்டித்தான் மீட்க வேண்டியிருக்கிறது. 1 பிட் போதுமென்றால் வித்தியாசம் 3 மடங்குதான். அதை ரிலேயின் பெருக்கி எளிதில் ஈடுகட்டிவிடும். குறைந்த வேகம் கேட்பவர்கள் தயங்காமல் ரிலேவையே வைக்கலாம்.

பலகைக்கும் பெரிய பலவீனம் உண்டு. டவரிலிருந்து பலகை, பலகையிலிருந்து வீடு என்ற இரு பாதைகளின் இழப்புகளும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். நட்டநடுவில் வைப்பதுதான் மிக மோசம். சமணச் சிற்பங்கள் உள்ள யானைமலைப் பாறையில் எதையும் மாட்டக் கூடாது. எனவே டவரும் தெரிகிற, வீடுகளுக்கும் நெருக்கமான ஒரு மொட்டைமாடிச் சுவரையே கணக்கில் கொண்டேன். உறுப்புகளை இரட்டித்தால் சேரும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால் நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும். 32-க்கு 32 உறுப்புகள் என்றால் 3.5 கிகாஹெர்ட்ஸில் பலகையின் பக்கம் ஏறத்தாழ 1.4 மீட்டர், 26 கிகாஹெர்ட்ஸில் 18 சென்டிமீட்டர்தான்.

மதுரை வெயிலில் ஒரு பலகையை மாட்டிச் சோதித்த அனுபவம் எனக்கு இல்லை. என் முடிவு அசையாத வீட்டு ஆன்டெனாக்களுக்கு மட்டுமே பொருந்தும். பலகை தானாக எதையும் அளப்பதில்லை. ஒவ்வொரு உறுப்பின் பாதையையும் சோதனைச் சிக்னல் அனுப்பித்தான் கணிக்க வேண்டும். வீடு நகராது, எப்போதாவது அளந்தால் போதும். ஓடும் மேலூர் பஸ்ஸுக்குள் இருப்பவருக்கோ அளந்து முடிப்பதற்குள் பாதை மாறிவிடும். அங்கே இன்றும் ரிலேவைத்தான் பரிந்துரைப்பேன்.